வாழை வெட்டப் போன ஜெர்மானிய வாள்

கிடங்கில் புதிதாகச் சேரும் எவரும் முதல் வாரத்திலேயே பின்சுவரில் மாட்டியிருக்கும் இருகை வாளிடம் போவார்கள். ஆளுயரம் இருக்கிறதே என்று கால்களை அகட்டி, மூச்சைப் பிடித்து, அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்குவார்கள். வாள் சட்டென்று மேலே வந்துவிடும். முழங்கை பின்னாலுள்ள அலமாரியில் இடிக்கும். "இவ்வளவுதானா?" என்று முகம் தொங்கும். அந்த நேரத்தில் சிரிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள எனக்குச் சில ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

நாடகங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் ஆயுதம் செய்து வாடகைக்கு விடும் இந்தத் தொழிலில், தமிழ் வாசிக்கத் தெரிந்த நீங்கள் மூவர் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ரப்பர் வார்ப்பதையும் அலுமினியம் தேய்ப்பதையும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லாமல் விடக்கூடியதை நான் எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. காலத்தைச் சரியாகச் சொல்வதில் எனக்குப் பிடிவாதம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெரிய வாள்களின் நல்ல காலம் குறுகியது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலையெடுத்தன. பதினாறாம் நூற்றாண்டில் ஆட்டம் போட்டன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் போர்க்களத்தை விட்டு விலகி, அரண்மனைக் காவலுக்கும் ஊர்வலத்துக்கும் போய்விட்டன. ஜெர்மானியக் கூலிப்படைகளில் இவற்றை ஏந்தி முன்வரிசையிலும் கொடியைச் சுற்றியும் நின்றவர்களுக்கு இரட்டைச் சம்பளம். எதிரியின் ஈட்டிகளை வெட்டித் தள்ளினார்கள் என்று படித்திருப்பீர்கள். வெட்டினார்களா, ஒதுக்கித்தான் விட்டார்களா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆகவே வாடிக்கையாளரிடம் அடித்துச் சொல்ல வேண்டாம். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் இதற்கு இன்னொரு வேலை இருந்தது. ஒரே ஆள் ஒரு தெருவை மறித்து நின்று, வாளைச் சுழற்றிச் சுழற்றிக் கூட்டத்தை அண்டவிடாமல் வைத்திருப்பார். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதுகில் மாட்டித் தோளுக்கு மேலாக உருவினார்கள் என்பது எங்களைப் போன்ற பட்டறைகள் பரப்பிய கதை. உங்கள் கையையும் வாளையும் அளந்து பார்த்தால் உண்மை தெரியும். ஏணி கொண்டுபோகிறவரைப்போல் தோளில் சாய்த்துத்தான் நடந்தார்கள். எடையும் அப்படித்தான். சண்டைக்குப் போனவை பெரும்பாலும் மூன்று கிலோவை ஒட்டியவை. ஐந்து, ஆறு கிலோ கனத்தவை ஊர்வலத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் அலை அலையான விளிம்பும் பூவேலையும் இருக்கும். சங்கக் கூட்ட மேடைகளில் முன்வரிசை நாற்காலியில் அமர்பவர்களைப்போல, பார்க்க நன்றாக இருக்கும், வேலை சொல்லக்கூடாது.

ஆக்லாந்து நகரின் பென்ரோஸ் பகுதியிலிருக்கும் இந்தப் பட்டறையில் நான் சேர்ந்தது 1993இல். மன்னாரில் நில அளவைப் படம் வரைந்தவன். எனக்குத் தெரிந்த கத்தி பென்சில் சீவுவது ஒன்றுதான். பட்டறையை நடத்தியவர் ஸ்கொட்லாந்துக்காரப் பெண்மணி. கையில் எப்போதும் அரத்தூள். தம் ஊரில் செய்த இருகை வாள்தான் உலகத்திலேயே அழகானது, ஜெர்மானியர்கள் அதற்கு நீளத்தை மட்டும் கூட்டினார்கள் என்று நம்பியவர். ஆனாலும் சுவரில் மாட்டுவதற்கு ஜெர்மானிய வாள் ஒன்றைத்தான் தன் கையால் உருக்கில் செய்திருந்தார். "எதிரியை வீட்டில் வைத்துக் கவனிக்க வேண்டும்" என்பார்.

அந்த வாளைப் பார்த்து அலுமினியப் பிரதிகளுக்குப் படம் வரைவது என் முதல் வேலை. அதில் ஒரு பகுதி எனக்கு எரிச்சலூட்டியது. கைப்பிடிக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது, அதுவரை சரி. அதற்கு மேலும் ஒரு சாண் தூரத்துக்கு அலகில் கூர் இல்லை. போதாததற்கு அதைத் தோலால் சுற்றியிருந்தது. தோல் முடியும் இடத்தில் அலகின் இரு பக்கமும் ஆட்டுக்குட்டிக்கு முளைக்கத் தொடங்கியதுபோல் இரண்டு சிறு கொம்புகள். வீண் அலங்காரம் என்று தீர்மானித்து, படத்தில் அதை நீக்கி, கூர்விளிம்பைக் குறுக்குச் சட்டம்வரை இறக்கிவிட்டேன். கோடு சுத்தமாக இருந்தது. எனக்கு என் மேலேயே மதிப்புக் கூடியது.

அவர் படத்தைப் பார்த்தார். என்னை இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய இடைவெளிக்குக் கூட்டிப்போய், உருக்கு வாளைக் கையில் கொடுத்தார்.

"இங்கே நின்று என்னைத் தாக்கு."

வாளை ஓங்கினேன், அலமாரி தடுத்தது. பக்கவாட்டில் கொண்டுவந்தேன், மற்ற அலமாரி தடுத்தது.

"இப்போது ஒரு கையைத் தோலில் வை."

வைத்தேன். ஆளுயர வாள் திடீரென்று குட்டையான ஈட்டிபோல் கைக்குள் அடங்கியது. அந்த இரண்டு கொம்புகளும் என் விரல்களுக்கு முன்னால் காவல் நின்றன. நெருக்கமான இடத்துக்காக வாளிலேயே செய்து வைத்த இரண்டாவது பிடி அது.

"நீ அழித்தது ஒரு மனிதன் தப்பிக்கும் வழியை" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பழைய பொருளில் உங்களுக்குக் காரணம் புரியாத எதையும் நீக்காதீர்கள். புரியும்வரை அதையும் சேர்த்தே வரையுங்கள். இதற்கு மேல் நான் அறிவுரை சொல்லப்போவதில்லை, கதைக்கு வருகிறேன்.

1996 அக்டோபரில், நகரின் இன்னொரு பகுதியான கிளென்ஃபீல்டில் கணக்காளராக இருந்த பரமேஸ்வரன் பட்டறைக்கு வந்தார். நவராத்திரி விழாக் குழுவின் செயலாளர். அந்த நாட்களில் அவர்களுக்குச் சொந்தக் கோயில் இல்லை, வாடகை மண்டபம்தான். நான் கத்தோலிக்கன் என்றாலும் சுண்டலுக்கு ஒரு நாளும் தவறியதில்லை என்பதால் பழக்கம்.

"தாசண்ணை, உங்கட இடத்தில வாள் கீள் இருக்காமே?"

"ஓம், இருக்கு. ஆனா எல்லாம் நடிக்கிற வாள்."

"எங்கட அசுரனும் நடிக்கிற அசுரன்தானே."

அவர் கேட்டது மானம்பூவுக்கு. நவராத்திரி முடிந்த விஜயதசமியன்று எங்கள் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் வாழை வெட்டு நடக்கும். நட்டுவைத்த வாழைதான் மகிடாசுரன். அம்மன் சார்பில் குருக்கள் வாளெடுத்து அதை வெட்டி வீழ்த்துவார். முந்தின ஆண்டு மண்டபத்துச் சமையலறையிலிருந்த குசினிக் கத்தியால் சமாளிக்கப் பார்த்திருக்கிறார்கள். வாழை விழ மறுத்துவிட்டது.

"அசுரன்ட கழுத்தை ஐயா பாண் ரொட்டி அறுக்கிற மாதிரி அறுத்தவர். பிள்ளையள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சதுகள். எங்கட மனுசி சொல்லுறா, அபசகுனமாம். குழுவில பாதிப் பேர் வேற ஐயரைப் பாப்பம் எண்டு நிக்கினம். உண்மையைச் சொன்னால் நானும் அந்தப் பக்கந்தான். இந்த முறையும் பிழைச்சால், அவற்ற விசாவுக்கு நாங்கள் கையெழுத்து வைக்கேலாது."

குருக்கள் வந்து இரண்டாவது ஆண்டு. வயது முப்பதைத் தொடவில்லை. விசா மார்கழியோடு முடிகிறது. மனைவியும் கைக்குழந்தையும் கொழும்பில் ஒரு லொட்ஜில், இங்கே வருவதற்காகக் காத்திருந்தார்கள். குழு மறுபடி அழைத்தால் அவர்கள் வரலாம். அழைக்காவிட்டால் இவர் திரும்ப வேண்டும். யாழ்ப்பாணத்தில் போர் நடந்த அந்த ஆண்டில் திரும்பிப் போவது என்றால் என்னவென்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். அத்தனையும் ஒரு வாழைத்தண்டில் வந்து நின்றது.

பரமேஸ்வரன் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அலை விளிம்பும் பித்தளைப் பூவும் கொண்ட ஊர்வல வாளைக் காட்டினார்.

"உது! உதைத் தாங்கோ. உதைக் கண்டாலே வாழை தானா விழும்."

"உதை ஐயா தூக்கினால் ஐயாதான் விழுவார்."

"பாக்கிறதுக்கு ஒரு கம்பீரம் வேண்டாமோ?"

எங்கள் சத்தத்துக்குப் பட்டறைத் தலைவி வந்து, விஷயத்தைக் கேட்டார்.

"யாரோடு சண்டை?"

"வாழை மரத்தோடு."

"மரத்திடம் ஆயுதம் இருக்கிறதா?"

"இல்லை."

"ஓடுமா?"

"ஓடாது. வாளியில் மணல் போட்டு நட்டுவைப்பார்கள்."

"அப்படியானால் நம் பக்கம் வாய்ப்பு இருக்கிறது" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வெட்டப்போகிறவர் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். நான் பரமேஸ்வரனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "ஆளை அளக்காமல் வாள் கொடுத்தால் அதற்குப் பெயர் வாடகை இல்லை, விபத்து. ஆளைக் கொண்டுவா."

அடுத்த சனிக்கிழமை குருக்கள் வந்தார். ஒல்லி. என் தோளுயரம். பட்டறை முற்றத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உருக்கு வாளை வாங்கியவர், நீங்கள் எல்லோரும் செய்ததுபோலவே மூச்சைப் பிடித்துத் தூக்கி, பின்னால் இரண்டடி போனார்.

"என்ன தாசண்ணை, உள்ளுக்க ஒண்டும் இல்லையோ?"

"உள்ளுக்க எல்லாம் இருக்கு ஐயா. வெளியாலதான் பெரிசு."

நனைத்துச் சுருட்டிய பழைய கம்பளங்களை நிறுத்தி, தலைக்கு மேலிருந்து சாய்வாக இறக்கப் பழக்கினோம். தலைவி வாளின் வெளிமுனைப் பகுதியை மட்டும் கூராக்கித் தந்தார். வெட்டும் வேலை அங்கேதான் நடக்கிறது. மதியத்துக்குள் குருக்கள் கம்பளங்களை ஒரே வீச்சில் வெட்டினார். புறப்படும்போது மெல்லச் சொன்னார்:

"அண்ணை, மந்திரம் பிழைச்சால் அம்மன் மன்னிப்பா. இது பிழைச்சால் குழு மன்னியாது."

வாளை அளந்தோம், ஆளை அளந்தோம், வாழையின் சுற்றளவைக்கூடக் கேட்டு வைத்தோம். வாழை தந்தவர் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருந்த கோமதி. சென்னையிலிருந்து வந்தவர், வீட்டுப் பின்வளவில் ஒரு வாழைத் தோப்பே வைத்திருந்தார். எல்லாவற்றையும் அளந்த நாங்கள் ஒன்றை அளக்கவில்லை. வெட்டு, மண்டபத்துக்கு வெளியே புல்வெளியில் நடப்பதாக ஏற்பாடு. மேலே ஆகாயம். ஆகாயத்தை யார் அளப்பார்கள்?

விஜயதசமியன்று மழை கொட்டியது. ஆக்லாந்தில் அக்டோபரில் மழை வரும் என்பது செயலாளர் தவிர எல்லோருக்கும் தெரியும். வாழையை வாளியோடு உள்ளே தூக்கி வந்தார்கள். மண்டபத்தின் கூரை தாழ்வு. வாழையின் இலைகள் மேலே முட்டி, மரச்சட்டங்களுக்கிடையே மடங்கிச் செருகிக்கொண்டன. பக்கத்திலேயே குழல்விளக்குகள். குருக்கள் வாளைத் தலைக்கு மேல் ஓங்கினால் முதலில் விழுவது விளக்கு.

அதற்கிடையில் பரமேஸ்வரன் வாளைப் புதிதாகக் கண்டவர்போல் உற்றுப் பார்த்தார்.

"தாசண்ணை, குறை நினைக்காதேங்கோ. உதைத் தலைகீழாப் பிடிச்சால் சிலுவையெல்லோ?"

"தலைகீழாப் பிடிச்சு வெட்டினால் ஐயாவின்ர கைதான் போகும். ஆனபடியால் அந்தப் பிரச்சினை வராது."

"இல்லை, சனம் கதைக்கும். மன்னார்க் கத்தோலிக்கன் கொண்டுவந்தது எண்டும் கதைக்கும்."

குருக்கள் குறுக்கே வந்தார். "செயலாளர், அம்மனுக்குப் பதினெட்டுக் கை. ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு ஆயுதம். அதுகளை எந்தெந்த ஊரில வாங்கினவ எண்டு ஆர் கேட்டது?"

"பூவைச் சுத்திட்டா சரியாப் போச்சு, இதுக்குப் போய் என்னங்க" என்று கோமதி ஒரு செவ்வந்தி மாலையைக் குறுக்குச் சட்டத்தில் சுற்றிவிட்டார். மதப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. கூரைப் பிரச்சினை தீரவில்லை.

குருக்கள் என்னை ஓரமாக இழுத்தார்.

"அண்ணை, நான் மேலயிருந்து வெட்டத்தானே பழகினான். இதுக்குள்ள எப்பிடி? குசினிக் கத்தியையே எடுப்பமோ?"

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள், பயிற்சியில் செய்தது எதுவும் உதவாது. அப்போது புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். கையிலிருக்கும் பொருளைப் பாருங்கள். நான் வாளைப் பார்த்தேன். மாலைக்கு மேலே, நான் ஒருமுறை அழித்த அந்தத் தோல் தெரிந்தது.

"ஐயா, வலக்கை பிடியில இருக்கட்டும். இடக்கையைப் பூவுக்கு மேல, தோலில வையுங்கோ."

"கை வெட்டாதோ?"

"அங்க கூர் இல்லை. ஒடுங்கின இடத்துக்கெண்டே வைச்சது. மேல ஓங்க வேண்டாம். இடுப்பு உயரத்தில, பக்கவாட்டா, இழுத்து வெட்டுங்கோ."

அவர் பிடித்துப் பார்த்தார். வாள் குட்டையானது. அவர் தோள்கள் இறங்கின. "ஓம்" என்றார், ஒரே சொல்.

பக்கவாட்டில் வெட்ட இடம் வேண்டும். ஆனால் சனம் வாழையை நெருக்கிக்கொண்டு நின்றது. கையில் வீடியோக் கமராவோடு சிலர் வாளிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார்கள். பரமேஸ்வரன் ஒலிவாங்கியில், "தயவுசெய்து பின்னுக்குப் போங்கோ" என்று கெஞ்சினார். எங்கள் சனம் ஒலிவாங்கிக்கு எப்போது அசைந்திருக்கிறது?

"ஐயா, முழு நீளத்தில பிடிச்சு, முழங்கால் உயரத்தில மெதுவா ஒருக்காச் சுத்துங்கோ" என்றேன்.

சுற்றினார். ஸ்பெயின் தேசத்துத் தெருக்களில் என்ன நடந்ததோ தெரியாது. ஆக்லாந்தில் அத்தனை பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வாழையைச் சுற்றி ஒரு வட்டம் பிறந்தது. குருக்கள் கையைத் தோலுக்கு மாற்றி, கண்ணை மூடி ஏதோ சொல்லி, இழுத்து வெட்டினார்.

'சளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வாழை நின்றது.

மேளச் சத்தம் ஒலிநாடாவில் போய்க்கொண்டே இருந்தது. குருக்கள் வாளைப் பிடித்தபடி மரத்தையே பார்த்தார்.

"வெட்டுப் படேல்லை!" என்றார் பரமேஸ்வரன், ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுக்க மறந்து. "வாள் வெளியால போயிட்டுது! நான் அப்பவே சொன்னனான், பெரிசை எடுங்கோ எண்டு!"

நான் நின்ற இடத்திலிருந்து தண்டைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு. அந்தக் கோடு தெரிந்த பக்கம் முழுக்க ஓடியது. அதிலிருந்து நீர் கசிந்தது. வாள் தண்டைக் கிடையாக, சுத்தமாக அறுத்துக்கொண்டு போயிருந்தது. சாய்வாக வெட்டியிருந்தால் வழுக்கி விழுந்திருக்கும். கிடையாக வெட்டியதால் மேல்பாதி கீழ்ப்பாதியின்மேல் உட்கார்ந்திருந்தது; இலைகள் கூரைச் சட்டத்தில் செருகியதால் சாயவும் இல்லை. அசுரன் செத்துவிட்டான். அவனுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.

இதை நான் அங்கேயே கத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதிப் பேர் நம்புவார்கள். மீதிப் பேர் மன்னார் ஆள் சொல்கிறான் என்பார்கள். நான் குரலை முடிந்தவரை பணிவாக வைத்துக்கொண்டேன்.

"பரமேஸ் அண்ணை, நீங்கள்தானே செயலாளர். கிட்டப் போய் ஒருக்காப் பாருங்கோவன்."

அவர் ஒலிவாங்கியோடு, புதுப் பட்டு வேட்டியின் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். தண்டைச் சுற்றி வந்தார். குனிந்தார். "எங்க, ஒரு கீறல்கூட..." என்று சொல்லியபடி, ஒரு விரலால் தண்டைத் தள்ளினார்.

தண்டும் ஈர இலைகளும் முழுப் பாரத்தோடு அவர்மேல் இறங்கின. கீழே விழுந்ததில் ஒலிவாங்கி பெரிதாக ஏப்பம் விட்டது. அதைத் தொடர்ந்து "அரோகரா!" என்று மண்டபம் அதிர்ந்தது. இலைகளுக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு மூக்குக்கண்ணாடி, கடைசியாகச் செயலாளர். பட்டு வேட்டி முழுக்க வாழைப்பால்.

"ஐயோ, அந்தக் கறை போகவே போகாதே" என்றார் கோமதி, உண்மையான வருத்தத்தோடு.

குருக்கள் வாளைத் தாழ்த்தி, கைகொடுத்து அவரை எழுப்பினார். முகத்தில் துளி சிரிப்பில்லை.

"பயப்படாதேங்கோ, செயலாளர். அம்மன் ஆளைத் தெரிஞ்சுதான் விழுத்தியிருக்கிறா."

மறுவாரக் குழுக் கூட்டத்தில் அபசகுனம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வெட்டுப் படவில்லை என்று வாதாடக்கூடிய ஒரே ஆளின் வேட்டியில் சாட்சி இருந்தது. குருக்களைத் தொடர்ந்து வைத்திருப்போம் என்று முன்மொழிந்ததே அவர்தான். குருக்களின் மனைவியும் குழந்தையும் அடுத்த ஆண்டு வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு வான் ஓட்டிக்கொண்டு போனதும் அவர்தான். மகிடன் மாமா என்று பிள்ளைகள் கூப்பிட்டால் இன்றும் திரும்பிப் பார்க்கிறார்.

வாளைத் திருப்பிக் கொண்டுபோனபோது தலைவி தோலைப் பார்த்தார். குருக்களின் இடக்கை இருந்த இடத்தில் வாழைப்பால் கறுத்திருந்தது. எலுமிச்சை, உப்பு, சவர்க்காரம் என்று நான் தொடங்கினேன்.

"விடு" என்றார். "அந்தப் பிடியை யாரோ பயன்படுத்தினார்கள் என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி."

அந்தக் கறை இன்னும் இருக்கிறது. இரத்தமா என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். அசுரனுடையது என்று சொல்லுங்கள், பொய்யில்லை. யாராவது பெரியதாக ஒரு வாள் கேட்டு வந்தால், பிடிக்கப்போகிறவரின் உயரத்தைக் கேளுங்கள். அவருக்கு மேலே இருக்கும் கூரையின் உயரத்தையும் கேளுங்கள். எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒருவர் எழுந்து நின்று, ஒன்றும் வெட்டுப்படவில்லை என்று ஒலிவாங்கியில் கத்தினால், அவரோடு வாதாடாதீர்கள்.

கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.